புளி போட்டுத் தேய்ச்ச தவலை

ஆத்துக்கு இக்கரையில ஒரு ஊரு, அக்கரையில ஒரு ஊரு. ரெண்டுக்கும் நடுவுல மணல்மேட்டுல புதன்கிழமைக்குப் புதன்கிழமை ஒரு சந்தை கூடுமாம். அந்தச் சந்தையில புதுசுன்னு ஒரு துரும்பு கிடைக்காதாம், அத்தனையும் பழசு. கால் ஒடிஞ்ச கட்டிலு, மூடி தொலைஞ்ச வெத்தலைப் பெட்டி, குழி தேஞ்ச பல்லாங்குழி, யாரோ கல்யாணத்துக்குக் கட்டி யாரோ வித்த பட்டுச்சேலை, வெங்கலப் பானை, பித்தளைக் குடம்னு மலை மாதிரி குமிச்சிருக்கும். அதுக்குள்ள கையை விட்டுத் துழாவுனா, அதிர்ஷ்டக்காரிக்கு முத்து மாதிரி ஒரு சாமான் அகப்படும். ஏ, அங்க என்ன சுவத்தப் பாத்துப் படுத்திருக்க? இப்பிடித் திரும்பு. இது உனக்குத்தான் சொல்லுறேன்.

அந்தச் சந்தையில தவசி, தவசின்னு ஒருத்தன் கடை போட்டிருந்தான். கொஞ்சம் மந்தம்னு ஊரே அவனைச் சொல்லும். வீட்டுல கஷ்டம் வந்தவங்க கருக்கல்ல வந்து சாமானை அவன் கடைக்குப் பின்னாடி கோணிக்கு அடியில வச்சிட்டுப் போவாங்க. வித்துச்சுன்னா தன் கூலியை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுப்பான். மூணு சந்தை ஆகியும் விக்கலைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்க. நம்ம பக்கம் கல்யாணச் சீருன்னா பாத்திரத்துல பேரு வெட்டித்தானே குடுப்பாங்க? கடையில வைக்கிறதுக்கு முந்தி தவசி அரத்தை எடுத்து அந்தப் பேரை ராவிருவான். யாரு வந்து, "இது யாரு வீட்டுச் சாமான்?"னு கேட்டாலும், "சந்தை வீட்டுச் சாமான் தாயி"ம்பான். அம்புட்டுதான். அந்தச் சந்தையில பேரு கேக்கக் கூடாது, அது வழக்கம்.

இக்கரை ஊருல மரகதம், மரகதம்னு ஒரு பொம்பள இருந்தா. நெல்லு, மாடு, தோப்பு, எல்லாம் இருந்துச்சு. ஒரே மக பூரணி, அவளுக்கு இருபத்தோரு உருப்படி சீரு குடுத்து அக்கரையில கட்டிக் குடுத்திருந்தா. "எம்மக வீட்டுக் குதிருல கையை விட்டா தோள் வரைக்கும் நெல்லு"ன்னு பீத்திக்கிட்டே திரிவா. ஆனா மகளைப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு. எப்ப வரட்டும்னு சொல்லி விட்டாலும், வீடு பூசுறோம்னு ஒரு வாட்டி, மாமியாளுக்குச் சுகமில்லைன்னு ஒரு வாட்டி, அறுப்புன்னு ஒரு வாட்டி மக சொல்லி விட்டுட்டா. இவளும் சரி சரின்னு சந்தைக்குப் போயிட்டா.

சந்தைன்னா அவளுக்கு உசிரு. ஒரு பாத்திரத்தை விரலால தட்டி, காதுல வச்சுக் கேட்டு, இது நல்ல தகடு இது கலப்படம்னு சொல்லிருவா. அந்தக் கெட்டிக்காரத்தனத்தோட நின்னிருக்கலாம். நிக்கலையே! தவசி ரொம்ப அழுத்தி ராவ மாட்டான், அழுத்துனா தகடு ஓட்டையாயிரும். வெட்டுன பள்ளம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இவ வீட்டுக்குக் கொண்டாந்து, ஊற வச்ச புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய் தேய்னு தேப்பா. பாத்திரம் பளபளன்னு வரும், பள்ளத்துல மட்டும் கருப்பு நிக்கும், எழுத்து ஒண்ணொண்ணாக் கண்ணு முழிக்கும். இவளுக்கு அவ அப்பா எழுத்துப் படிச்சுக் குடுத்திருந்தாரு. பாவி, அதை வச்சு இதைத்தான் படிச்சா.

மொத ஆட்டம் ஒரு குடம். தட்டிப் பாத்தா, கோயில் மணி மாதிரி கேட்டுச்சு. "இது யாரு வீட்டுச் சாமான் தவசி?"ன்னா. "சந்தை வீட்டுச் சாமான் தாயி"ன்னான். வாங்கியாந்து தேச்சா, "உலகம்மா"ன்னு வந்துச்சு. உலகம்மா யாருன்னா, வாத்தியார் பொண்டாட்டி. மறுநா காலையில அந்தக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு கிணத்தடிக்குப் போனா. அங்க உலகம்மா மண்பானையோட நின்னா. மரகதம் எல்லாரும் கேக்க, "ஏ உலகம்மா, இந்தக் குடம் உன்னைத்தான் தேடுது, பேரு கூட சொல்லுது பாரு!"ன்னா. கிணத்தடியே கொல்லுனு சிரிச்சுச்சு. நீ அங்க இருந்தா என்ன பண்ணிருப்பன்னு என்னைக் கேக்காதீங்க. நானும் சிரிச்சுத்தான் இருப்பேன். ஒருக்க ஒரு கல்யாண வீட்டுல ஒருத்தி கட்டியிருந்த சேலையைப் பாத்து, அது இரவல் சேலைன்னு தெரிஞ்சு, பக்கத்துல இருந்தவ கிட்டச் சொல்லி சிரிச்சவதான் நான். அவ திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை நெனச்சா இன்னைக்கும் எனக்கு உடம்பு கூசுது. போகட்டும், கதைக்கு வாறேன். வாத்தியார் வீட்டுலயே அடுப்பு எரியலையாம்னு பேச்சுப் பரவுச்சா, ஊரு பிள்ளைகளை அவரு கிட்டப் படிக்க அனுப்புறதை ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. கடைசியில உலகம்மா மரகதம் வீட்டுக்கே மாவு இடிக்க வந்தா. தலையை நிமுத்த மாட்டா, இடிச்சுட்டுப் போயிருவா.

ரெண்டாவது ஒரு செம்பு. "இது யாரு வீட்டுச் சாமான் தவசி?" "சந்தை வீட்டுச் சாமான் தாயி." தேச்சா, "சடைச்சி"ன்னு வந்துச்சு, வண்டிக்காரன் பொண்டாட்டி. இந்த மரகதம் என்ன பண்ணுனா தெரியுமா? வீட்டுல ஒரு விசேசம்னு சடைச்சியைக் கூப்பிட்டு, பந்தியில உக்கார வச்சு, அவ செம்புலயே அவளுக்கு மோரு குடுத்தா. சடைச்சி பாதி குடிச்சிட்டா. அப்புறந்தான் பேரைப் பாத்தா. வாயில இருந்த மோரை முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அன்னைக்கு எந்திரிச்சுப் போனவ, அதுக்கப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் வாசல் தாண்டல.

மூணாவதுதான் தவலை.

அன்னைக்குச் சந்தையில கூட்டம். தவசி கடையில நாலு படி அரிசி வேகுற மாதிரி ஒரு பித்தளைத் தவலை. கரி அப்பி, வாய் நெளிஞ்சு, அடியில ஒட்டுப் போட்டுக் கிடந்துச்சு. மரகதம் தட்டிப் பாத்தா. தகடுன்னா தகடு, அப்பிடி ஒரு தகடு!

"இது யாரு வீட்டுச் சாமான் தவசி?"

தவசி எப்பவும் சொல்லுறதைச் சொல்லல. அவ மூஞ்சியைப் பாத்தான், பின்னாடி கிடந்த கோணியைப் பாத்தான். "இது வேணாம் தாயி. உங்களுக்கு இது வேணாம், வேற பாருங்க"ன்னான்.

"ஏன்டா, எங்கிட்டயே வேணாங்கிறியா? ஒட்டுப் போட்ட தவலைக்கு இம்புட்டு விலையா? சோத்துக்கு லாட்டரி அடிக்கிற வீட்டுச் சாமானு, குடுக்குறதை வாங்கிட்டுப் போவாங்க, பாதிக்குக் குடு!"ன்னு கத்துனா. அவன் முடியாதுன்னான், இவ முடியும்னா. அவன் கையெடுத்துக் கும்பிட்டான், இவ சிரிச்சா. கடைசியில பாதி விலைக்கு அடிச்சுப் புடுங்கிட்டு வந்துட்டா.

வந்தவ சும்மா இருந்தாளா? "இன்னைக்கு யாரு மானம் வெளுக்குதுன்னு வந்து பாருங்கடி"ன்னு தெருவுப் பொம்பளைங்களை எல்லாம் கூப்பிட்டு முத்தத்துல உக்கார வச்சா. மாவு இடிச்சுக்கிட்டு இருந்த உலகம்மாவைக் கூப்பிட்டு, "நீதான் எழுத்துப் படிச்சவளாச்சே, வா, நீ தேய்"னு புளியை அவ கையில குடுத்தா. பாருங்க, எவ்வளவு நெஞ்சழுத்தம்!

தன் மக சாமான் தனக்கு அடையாளம் தெரியாதான்னு கேக்குறியா? அட, முந்திக்கிட்டியே! சரி, சொல்லிட்டேன்னு வச்சுக்க. தெரியலப்பா. அடுப்புல ஏறி ஏறி உருவமே மாறிப் போச்சு. எம்மக வீட்டுச் சாமான் சந்தைக்கு வரும்னு அவ கனவுலயும் நெனக்கல, அதனால கண்ணுல படல.

உலகம்மா தேச்சா. கரி போச்சு, பச்சை போச்சு, மஞ்சமஞ்சேர்னு தகடு வந்துச்சு. கழுத்துப் பக்கம் தேச்சவ கை சட்டுனு நின்னுருச்சு. அவ படிச்சிட்டா. அவளுக்கு வாய்ச்ச நேரத்தைப் பாருங்க. கிணத்தடியில தன்னை நாறடிச்சவ மானம் இப்ப இவ விரலுக்கு அடியில இருக்கு. வாயைத் திறந்தா போதும். அவ என்ன பண்ணுனா? ஒரு உருண்டை புளியை எடுத்து அந்த இடத்துல அப்பி, உள்ளங்கையால மூடிக்கிட்டா.

"ஒண்ணும் தெரியலக்கா. நல்லா ராவிட்டான். எழுத்து இல்ல"ன்னா.

"இல்லாம எப்பிடி? தேய்டி."

"இல்லக்கா, விட்டிருங்க."

"எவளையோ காப்பாத்துறியா? கையை எடு!"

"அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். வேணாக்கா"ன்னு உலகம்மா அழுதே போட்டா.

மரகதம் அவ கையைத் தட்டி விட்டு, தவலையைப் புடுங்கி, தண்ணியை ஊத்திக் கழுவி, வெயிலுக்குத் தூக்கிப் புடிச்சு, ஊருக்கே கேக்குற மாதிரி, "மரகதம்..."னு படிச்சா.

அடுத்தும் எழுத்து இருந்துச்சு, "மகள் பூரணிக்கு"ன்னு. அதைப் படிக்க வாய் வரல. அவ படிக்காட்டி என்ன, முத்தத்துல இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிருச்சு. ஒருத்தியும் சிரிக்கல. சிரிச்சிருந்தா அவ சண்டை போட்டிருப்பா, வைதிருப்பா. ஒவ்வொருத்தியா எந்திரிச்சு, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, அவ மூஞ்சியைப் பாக்காமப் போயிட்டாங்க. உலகம்மா மட்டும் சிந்துன புளியைத் துடைச்சு எடுத்துட்டுப் போனா.

தவலையைத் தூக்கிக்கிட்டு மரகதம் ஆத்தைத் தாண்டி ஓடுனா. மக வீட்டுக்குள்ள போனா, அரண்மனை மாதிரி இருந்த வீட்டுல ஒரு மண்சட்டி, ஒரு ஓலைப்பாய். மாடு ரெண்டும் கோமாரியில செத்து, மருமகனுக்கு ஒரு பக்கம் கை விழுந்து, நிலம் போயி, ஒண்ணு ஒண்ணா இருபத்தோரு உருப்படியும் போயிருக்கு. மருமகன் மூலையில படுத்திருக்கான், பூரணி மடியில நோஞ்சானா ஒரு பிள்ளை.

"அடியே, ஏன்டி எங்கிட்டச் சொல்லல? நான் உன்னைப் பெத்தவ இல்லையா?"ன்னு மரகதம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டா.

பூரணி அழல. "எப்பிடிம்மா சொல்லுவேன்? வாத்தியார் வீட்டுக் குடம் கதை ஆத்தைத் தாண்டி இங்க வரைக்கும் வந்துச்சு. சடைச்சி அத்தை மோரு குடிச்ச கதையும் வந்துச்சு. எம் பேரையும் புளி போட்டுத் தேச்சிருவன்னு பயந்தேன்."

"பெத்த மகளையா தேய்ப்பேன்?"

"அவங்களும் யாரோ பெத்த மகதானே? இன்னைக்குக் காலையில நான் அங்கதான்மா இருந்தேன். தவலை வித்த காசு வாங்கத் தங்கிட்டேன். நீ வந்ததும் கோணிக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். சோத்துக்கு லாட்டரி அடிக்கிற வீடுன்னு நீ சொன்னதைக் கேட்டேன், பாதிக்கு அடிச்சதையும் கேட்டேன். தவசி அண்ணன் கூலி கூட எடுக்காமத்தான் குடுத்தாரு. இருந்தாலும் ரெண்டு மாசத்துக்கு வாங்கணும்னு நெனச்ச அரிசி, ஒரு மாசத்துக்குத்தான் வந்துச்சு. உன் பேரன் வாயில இருந்துதான்மா நீ குறைச்ச."

மரகதத்துக்குத் தரையில உக்காரக்கூட வெக்கமா இருந்துச்சு. நின்னா. நின்னுக்கிட்டே, "நாளைக்குக் கருக்கல்ல, யாரும் பாக்காம, வண்டி நிறைய நெல்லு கொண்டாந்து போட்டிர்றேன். ஊருக்குத் தெரிய வேணாம்"னா.

பூரணி பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டா. "கருக்கல்ல நான் வந்தது போதும்மா. நீ கருக்கல்ல வராத. வண்டியும் வேணாம். கொண்டாந்தா உன் தலையில சுமந்து, உச்சி வெயில்ல, கிணத்தடி வழியா, சந்தை வழியா கொண்டா. யாருக்குன்னு யாராவது கேட்டா, எம்மக பசிக்குன்னு சொல்லு. சொல்ல முடிஞ்சா கொண்டா, முடியலைன்னா வேணாம்."

அந்த ராத்திரி அவ தூங்கலையாம். மறுநா உச்சிப் பொழுதுல ஒரு மூட்டை அரிசியைத் தலையில ஏத்திக்கிட்டு வெளிய வந்தா. சுமந்து பழகாத கழுத்து, ஆடுச்சு. கிணத்தடியில எல்லாரும் இருந்தாங்க. யாராவது கேப்பாங்கன்னு பதிலை வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே போனா. ஒருத்தரும் கேக்கல, ஒதுங்கி வழி விட்டாங்க. சடைச்சி வீட்டு வாசல் வழியாப் போனா, கதவு இடுக்குல ரெண்டு கண்ணு பாத்துச்சு, அதுவும் கேக்கல. சந்தை கலைஞ்ச மணல்மேட்டுல மிச்சச் சாமானைக் கட்டிக்கிட்டு இருந்த தவசி எந்திரிச்சு நின்னான், அவனும் கேக்கல. "கேளேன்டா, யாருக்குன்னு கேளேன்!"னு அவ அழுதா. "எனக்கு எதுக்குத் தாயி அதெல்லாம்"னு தவசி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கேட்டுத் தொலைச்சிருந்தா சொல்லி ஆத்தியிருப்பா. கேக்காம விட்டாங்க பாரு, அதைத்தான் அவ சாகுற வரைக்கும் சுமந்தா.

அம்புட்டுதான் பிள்ளைகளா. அடுத்தவ பாத்திரத்தைத் தேய்க்கப் போறதுக்கு முந்தி, நம்ம பிள்ளை சாப்பிட்டுச்சான்னு கேக்கணும். சந்தை கலைஞ்சிருச்சு, சாக்கை மடிச்சாச்சு, கதை வீடு போய்ச் சேந்துருச்சு. படுங்க.