ஆசிரம ஜீப்புக்கு எந்தப் பெட்ரோல்?

“எந்தப் பெட்ரோல் போடறதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்குத் தூக்கமே போச்சு.”

தணிகாசலம் இப்படிக் கேட்டபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையில் உள்ள அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு ஞானம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. மன அமைதி கேட்டு வருகிறவர்களும் உண்டு. பெட்ரோல் கேட்டு யாரும் வந்ததில்லை.

ஆசிரமத்தின் குருவான அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆத்தூர் ஜவுளிக்கடை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்மணம் போட்டு உட்கார முழங்கால் இடம் தரவில்லை. அதனால் சேர்ந்த அன்றே அவர் கைக்கு ஜபமாலைக்குப் பதில் ஜீப் சாவி வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பெட்ரோல் ஜீப்.

“வண்டிக்கு என்ன?”

“மேட்டுல இன்ஜின் தட்டுதும்மா. தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாப்புல. பழைய இன்ஜினுக்கு சாதா பெட்ரோல் ஆகாதுன்னு மச்சினன் சொன்னான். உசத்திப் பெட்ரோல் போட்டேன். கொஞ்சம் அடங்குச்சு. திரும்பத் தட்டுது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்காம், ஆக்டேன் இன்னும் ஜாஸ்தி. சேலத்துலதான் கிடைக்கும்னாங்க.”

“சேலம் போனீங்களா?”

“போனேன். அதையும் குடிச்சிட்டுத் தட்டுது.”

“வண்டியைச் செஞ்சவங்க என்ன போடச் சொன்னாங்க?”

“சாதாதான். ஆனா அது இளசா இருந்தப்ப சொன்னதும்மா. இப்ப வயசாயிடுச்சே.”

“உங்களுக்குந்தான் வயசாயிடுச்சு. நெய்யா குடிக்கறீங்க?”

தணிகாசலம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

“இப்படியே தட்டினா இன்ஜின் போயிடும்னு மெக்கானிக் சொல்றார். சடையன் வேற வாசல்ல நிக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்ல?”

சடையன் பள்ளத்து ஊர்க்காரன். அவன் மனைவி பழனியாயிக்கு இதுதான் பிரசவ மாதம். வலி எடுத்தால் ஆசிரமத்து மேட்டை ஏறித்தான் ஆஸ்பத்திரிச் சாலையைப் பிடிக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கூப்பிட்டதும் வர வேறு வண்டி இல்லை. ஜீப்பை நம்பலாமா, இல்லை மூங்கில் வெட்டி டோலி கட்டிவிடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போக வந்திருந்தான். போன ஆடியில் அவன் அண்ணியை டோலியில் தூக்கிவந்தார்கள். பிள்ளை நடுவழியில் பிறந்தது. தங்கவில்லை.

அம்மா கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார். நேராகப் பம்புக் கொட்டகைக்குப் போனார். தோட்டத்துப் பம்புக்காக வைத்திருந்த கேனைத் தூக்கிவந்து ஜீப்பின் டேங்க் மூடியைத் திறந்தார்.

“அம்மா, அது சாதா!”

“தெரியும்.”

காலியாகிக் கிடந்த டேங்கில் அது களகளவென்று இறங்கியது. பச்சைப் பிள்ளைக்குக் கள் புகட்டுவதைப் பார்ப்பவர்போலத் தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தம்பி, ஏறிக்குங்க. உங்க ஊர் வரைக்கும் போய்ட்டு வரலாம்” என்றார் அம்மா. சடையன் பின்னால் ஏறினான்.

இறங்கும்போது வண்டி சமர்த்தாக இறங்கியது. ஊர் எல்லையில் திருப்பினார்கள். மேடு தொடங்கியது. முதல் வளைவு தாண்டியதுமே தட்டத் தொடங்கியது.

“பாத்தீங்களா? சொன்னேனே” என்றார் தணிகாசலம். நெற்றி வியர்த்திருந்தது.

அம்மா பின்பக்கம் திரும்பினார்.

“தம்பி, பாரஸ்ட்காரங்க ஜீப்பும் பெட்ரோல் வண்டிதானே? அது இந்த மேட்டுல எப்படி ஏறும்?”

“அதுங்களா? கத்திக்கிட்டு ஏறும்ங்கம்மா. நாய் துரத்துன காட்டுப்பன்னியாட்டம்.”

“தட்டுமா?”

“கத்தறது கேட்டிருக்கேன். தட்டறது கேட்டதில்லைங்க.”

அம்மா தணிகாசலத்தின் இடது கையைப் பார்த்தார். அது கியர் தடியை அழுத்திப் பிடித்திருந்தது.

“அவங்க எந்த கியர்ல ஏறுவாங்க?”

“செகண்டுலதான்.”

“நீங்க?”

வண்டி தட்டிக்கொண்டே ஏறியது.

“தேர்டும்மா.”

“ஏன்?”

“மேல தியான மண்டபம் இருக்கே. செகண்டுக்கு இறக்கினா உறுமும். அத்தனை பேர் மௌனமும் கலைஞ்சிடும். எனக்கோ உக்காரக் கால் வராது. வண்டியையாவது சத்தமில்லாம ஏத்தணும்னு...”

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதுதான் அவருடைய தவம். உசத்திப் பெட்ரோல் போட்டுத் தட்டல் அடங்கியபோதும் அவர் நிம்மதியாக ஓட்டவில்லை. இன்னும் பூப்போல மிதித்தார், இன்னும் மெதுவாக ஏற்றினார். மறுபடி தட்டியது. சேலத்துக்குப் போனார்.

அம்மா தன் கையைக் கியர் தடியின் மேல் வைத்தார்.

“தேர்டுல இன்ஜின் திணறித்தான் தட்டுது. கிளட்சை மிதிங்க.”

மிதித்தார். அம்மா தடியைப் பின்னால் இழுத்தார்.

“இப்ப விடுங்க. ஆக்சிலேட்டரை நல்லா அழுத்துங்க.”

ஜீப் ஒரு குலுக்குக் குலுங்கிவிட்டு உறுமியது. மலையே திரும்பிப் பார்க்கிற உறுமல். முன்கண்ணாடி அதிர்ந்தது. தணிகாசலம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். உறுமலுக்கு அடியில் தேடிப் பார்த்தார்.

கூழாங்கல் இல்லை.

இரண்டாம் வளைவு போயிற்று. மூன்றாவதும் போயிற்று. எத்தனையோ நாளாகக் காதுவரை தூக்கி வைத்திருந்த தோள்கள் தாமாக இறங்கின.

“அம்மா, மண்டபம் வருது!”

“வரட்டும்.”

“தியானத்துல இருக்காங்கம்மா!”

“கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருக்காங்க? காதையும் மூடிக்கட்டும்.”

மண்டபத்து ஜன்னல்களில் தலைகள் எட்டிப்பார்த்தன. தணிகாசலம் காலை எடுக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபது வயசுக்கு மேல் ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பதை அந்த ஜன்னல்கள் பார்த்ததில்லை.

உச்சியில் வண்டியை நிறுத்தினார். சடையன் குதித்து இறங்கினான். கீழே பள்ளத்தில் அவன் ஊரின் ஓலைக்கூரைகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன.

“வண்டி வரும் தம்பி. எந்த நேரமானாலும் வரும்” என்றார் தணிகாசலம். “ஓடிப் போய்ப் பழனியாயிகிட்டச் சொல்லுங்க.”

சடையன் ஓடவில்லை. நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் போய்ச் சொல்லணுமா சாமி? இந்நேரம் அவ காதுலயே விழுந்திருக்கும்.”