மூன்றடி பின்னே

காடும் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய காலம் அது. குன்றூர் என்றொரு கோட்டை, அதைச் சுற்றி முதலைகள் கிடக்கும் அகழி. அந்தக் கோட்டை அரசர்கள் முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டார்கள். போரில் மட்டுமில்லை, நடைபாதையில்கூடத்தான். எதிரே எருமை வந்தால் எருமைதான் ஒதுங்க வேண்டும். அரசனைப் பின்னால் வரச் சொன்னவன் தலை கழுத்தில் நிற்காது. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு தலை நிஜமாகவே உருண்டிருக்கிறது.

அரசனிடம் செவலை என்றொரு நாய் இருந்தது. அதைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியவள் அரண்மனை நாய்க்காரி சடைச்சி. பிள்ளையில்லாத அவளுக்கு அதுதான் பிள்ளை. தினமும் காலையில் அரசன் கயிற்றைப் பிடிக்க, செவலை அவன் காலோடு ஒட்டிக் கோட்டையைச் சுற்றி நடக்கும்.

ஒருநாள் அவர்கள் யானை கட்டும் கொட்டடியைக் கடக்கும்போது யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு அவர்கள் மேல் பாய்ந்தது. பாகன் எப்படியோ அடக்கிவிட்டான். ஆனால் அன்றிலிருந்து கொட்டடியைக் கண்டாலே செவலை குரைத்துத் துள்ளியது. ஒருமுறை அது இழுத்த இழுப்பில் அரசன் சேற்றில் விழுந்தான். பௌர்ணமியன்று இந்த நாய் கொட்டடியைச் சத்தமில்லாமல் கடக்க வேண்டும், இல்லையென்றால் அகழியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

சடைச்சி ஆளாளிடம் ஓடி யோசனை கேட்டாள். தளபதி அடிக்கச் சொன்னார். வைத்தியர் பட்டினி போடச் சொன்னார். பாகன் யானைக்கு எதிரிலேயே கட்டிப்போடச் சொன்னான். பயத்தில் மூன்றையும் செய்தாள், பாவி. செவலை அவளைக் கண்டாலே நடுங்க ஆரம்பித்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகுதான் புத்தி வந்தது. கொட்டடிக்கு முப்பதடி தள்ளி நின்று, கயிற்றைத் தளர விட்டு, கருவாட்டுத் துண்டை நீட்டினாள். பயந்த நாய் தின்னாது என்று அவளுக்குத் தெரியும். தின்றால் ஓரடி முன்னே, தின்னாவிட்டால் மூன்றடி பின்னே. இப்படியே இருபதடி, பத்தடி, ஐந்தடி என்று நெருங்கிவிட்டார்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் யானை பிளிறியது. அத்தனை நாள் பாடும் வீண். செவலை வாலை இடுக்கிக்கொண்டு முப்பதடிக்கும் அப்பால் ஓடியது. சடைச்சி அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மடியிலிருந்து மறுபடி கருவாட்டை எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் பதினைந்தடிவரை வர முடிந்தது, அதற்குமேல் முடியவில்லை.

விடிந்தது. அரசன் கயிற்றைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தான். நாயை அகழியில் போடத் தளபதி சாக்கோடு பின்னால் வந்தார், மடியில் கருவாட்டோடு சடைச்சியும் கூடவே வந்தாள். பத்தடியில் செவலை நின்று உறுமியது. அரசன் முன்னால் இழுத்தான். அது இன்னும் உறுமியது.

அப்போதுதான் அவள் அரசனின் கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு யானை பாய்ந்தது இவர் மேலும்தானே! அந்தப் பயம்தான் இறுகிய கயிறு வழியாக நாய்க்குப் போகிறது. இதைச் சொன்னால் தன் தலை போகும், சொல்லாவிட்டால் செவலை போகும். ஆனாலும் சொன்னாள்.

"ராசா, கயித்தத் தளர விடுங்க. மூணடி பின்னால வாங்க."

தளபதியின் வாள் உறையை விட்டு வெளியே வந்தது. அரசன் திரும்பாமலே கேட்டான்.

"என்னையா பின்னால் வரச் சொல்கிறாய்?"

"ஆமா சாமி. முன்னால போறதுக்குத்தான்."

அரசன் யானையையும் கயிறு சுற்றிய தன் கையையும் பார்த்தான். பிறகு கையை உயர்த்தித் தளபதியை நிறுத்திவிட்டு, ஒரு காலைப் பின்னால் வைத்தான். கோட்டை இடியவில்லை. இன்னும் இரண்டடி வைத்தான். கயிற்றின் சுற்றுகளைப் பிரித்தான். சடைச்சி கொடுத்த கருவாட்டை அவனே நீட்டினான். செவலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி மூன்றடி பின்னே வந்தான், அது முகர்ந்தது. மறுபடி மூன்றடி, அது தின்றது.

அதன்பிறகு ஓரடி ஓரடியாக முன்னே போனார்கள். யானை காதை ஆட்டியது. செவலை அரசனின் காலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் கொட்டடியைக் கடந்தது. தளபதி சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். சடைச்சி தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றுமுதல் அரசனின் இடுப்பு முடிச்சில் எப்போதும் கருவாட்டு வாடை அடித்ததாம். அரசி மூக்கைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆகவே கேட்டவர்களே, தடுக்கிய இடத்தில் பயந்து இழுப்பவர் அங்கேயே நிற்பார், கூசாமல் மூன்றடி பின்னே வந்து திரும்ப நடப்பவரே ஊர் போய்ச் சேருவார்.