சாரை நின்ற நாள்

நொய்யி என்ற சின்ன எறும்பு முட்டையைக் கீழே வைத்துவிட்டு வரிசையின் நடுவே நின்றாள். பின்னால் வந்தவள் அவள்மேல் மோதினாள். அவள்மேல் அடுத்தவள். பள்ளத்துப் புற்றிலிருந்து புளியமரத்து மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த சாரை முழுவதும் அப்படியே திரண்டு நின்றது.

அந்தக் காலத்தில் எறும்புகளுக்குப் பேச்சு உண்டு. ஆனால் நடக்கும்போது பேசக் கூடாது. நிற்கவும் கூடாது. நின்றவளின் கால் ஒன்றைப் பெருந்தலைச்சி ஒடித்துவிடுவாள். சாரைக்குக் காவல் அவள்தான்.

அன்று கிழக்கே கறுத்துவிட்டது. முட்டைகளில் பாதி இன்னும் பள்ளத்தில் கிடந்தன. மழைக்குள் மேட்டில் ஏற்றியாக வேண்டும்.

"ஏய், செத்துட்டியா? நட!" பெருந்தலைச்சி ஓடி வந்தாள்.

"சாகலக்கா. இந்தக் கல்லுல மூணு தடவ வழுக்கிட்டேன். ஒவ்வொரு தடவயும் முட்டையத் தேடி எடுத்து, அடியிலேருந்து ஏறி வரேன்."

"உனக்குக் கால் அதிகம். ஒண்ணு குறைஞ்சா சரியாயிடும்." நொய்யியின் காலைக் கவ்வினாள்.

"எனக்கு நாலு தடவ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கு எண்ணிக்கையே விட்டுப்போச்சு," என்றது இன்னொன்று.

கவ்வியிருந்த வாய் தளர்ந்தது. "எத்தன நாளா வழுக்குது?"

"நான் பொறந்ததுலேருந்து."

"ஒருத்தியும் சொல்லலையே?"

"நீங்க நிக்கவே விடலையேக்கா."

வானம் உறுமியது. நொய்யி ஒரு மணல் துகளை உருட்டி வந்து கல்லின் அடியில் முட்டுக்கொடுத்தாள். ஒரே ஒரு மணல். அடுத்தவள் அதில் கால் வைத்து ஏறினாள், விழவில்லை. மேட்டிலிருந்து வெறும் வாயோடு திரும்பிக்கொண்டிருந்த ஒருத்தி நின்று பார்த்தாள்.

"அது ஆடுதுடி. பக்கத்துல இன்னொண்ணு வை. மேல வேருகிட்ட ஒரு குழி இருக்கு, குறுக்க ஒரு துரும்பு போட்டா தாண்டிடலாம்."

நொய்யி அதைப் பின்னால் வந்தவளிடம் சொன்னாள். அதன்பின் எதிரே வந்த ஒவ்வொருத்தியும் நின்று, தலையோடு தலை வைத்து, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். சாரை நின்று நின்றுதான் நகர்ந்தது. பெருந்தலைச்சிக்குப் பொறுக்கவில்லை. ஆனால் முதல் துளி விழுந்தபோது பள்ளத்துப் புற்றில் ஒரு முட்டைகூட இல்லை.

எதிரெதிரே வரும் எறும்புகள் ஒரு கணம் நின்று முகம் தொட்டுப் போவது அன்றைக்குத் தொடங்கியதுதான். வழியில் என்ன என்று கேட்கின்றன. எப்போதும் ஏதோ ஒன்று இருக்கிறது.

அன்று மேட்டுப் புற்றுக்குள் கடைசியாக நுழைந்தவள் பெருந்தலைச்சி. வாசலில் ஒரு மணல் இடறியது. தாண்டிப் போனவள், திரும்பி வந்து அதைச் சற்று ஓரமாகத் தள்ளி வைத்தாள்.