கைபேசியில் எடுத்த வருகைப்பதிவு

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

மாற்றிச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் கைபேசிக் கல்விப் பிரிவில் மேசை ஷாகிதாவுடையது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் போனைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தவர் இயற்பியல் பேராசிரியர் சற்குணம். ஏழு வருடத்துக்கு முன்னால் அவரிடம் ஒளியியல் படித்தவள்தான் அவள். அதற்காக யார் யாருக்குச் சொல்லித் தருவது என்பது மாறிவிடுமா?

"ஆறு தடவ பேசிப் பாத்துட்டேன் ஷாகிதா. ஆறையும் அழிச்சிட்டேன்" என்றார்.

"ஏன் சார்?"

"செத்த பொணம் மாதிரி இருக்கு."

அவருக்கு வந்திருந்த நெருக்கடி இதுதான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முப்பத்துநாலு பேர் படித்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஐந்து தாலுகாக்களில் சிதறிக் கிடப்பவர்கள். இனி அவர்கள் பஸ் ஏறி வர வேண்டாம், பாடம் அவர்களுடைய போனுக்கே போகட்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் வகுப்பை நிறுத்திப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முதல் பாடத்தை ஏற்றாத ஆசிரியரிடமிருந்து அந்தப் பாடம் எடுக்கப்படும். அதற்குப் பதிலாக எங்கோ, யாரோ, யாருக்கோ பேசி வைத்த தயார்ப் பாடம் ஒன்று வரும்.

முப்பத்தோரு வருடமாக அவர் நடத்திய ஒளியியல் அது. அன்று செவ்வாய்க்கிழமை. 'என்னால் இயலவில்லை' என்று எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"பயிற்சிக்கு வந்தீங்கல்ல சார்? ரெண்டு நாள் நடத்துனாங்களே."

"வந்தேன். வாசல்லயே போர்டு வச்சிருந்தான், செல்போனை அணைக்கவும்னு. அணைச்சிட்டு உள்ள போனேன். செல்போன்ல எப்படிப் பாடம் நடத்துறதுன்னு ரெண்டு நாளும் திரையில படம் காட்டுனான். நோட்டுல எழுதிக்கிட்டோம். வாழக்கா பஜ்ஜி நல்லா இருந்துச்சு."

ஷாகிதாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்தப் பயிற்சி அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. இருநூறு பேராசிரியர்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். கைபேசியில் பாடம் நடத்தியவர்கள் நாலே பேர்.

"தண்ணியில்லாத தொட்டியில நீச்சல் சொல்லிக் குடுத்துட்டு, இவங்களுக்கு நீச்சல் வரலன்னு அறிக்கை எழுதுறாங்க சார். கோவம் வருமா வராதா?"

"எம்மேல ஏன் கோவிக்கிற?"

"உங்க மேல இல்ல சார். சரி, ஏழாவது தடவ பேசுனது இருக்கா?"

"இருக்கு. ஆனா அதப் போட்டுடாத."

அவள் கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தார்.

அவள் அழுத்தினாள். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அவர் குரல்: "ஒண்ணு, அந்தோணிராஜ்." ஒரு இடைவெளி. "ரெண்டு, இசக்கியம்மாள்." இடைவெளி. "மூணு, கதிரேசன்." இடைவெளி.

முப்பத்துநாலு பெயரும் வந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அவர் காத்திருந்தார். நாலு நிமிஷம் அப்படியே போனது. கடைசிப் பெயருக்கு அப்புறம் நீளமான ஒரு பெருமூச்சு. அத்தோடு சரி. பாடமே இல்லை.

ஷாகிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, சிரி. பழக்கம். பேர் கூப்பிடாம எனக்கு நாக்கு எழும்பாது. கூப்பிட்டு முடிச்சதும்தான் உறைச்சுது, ஒருத்தருமே பதில் சொல்லலன்னு. அதுக்கப்புறம் எங்கேந்து பாடம் நடத்த?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினாலாம் நம்பர் அறை அவருக்குக் கண்ணில் வந்தது. படிப்படியாக ஏறும் மர பெஞ்சுகள். ஒரு பக்கமாக ஆடும் மின்விசிறி. ஊரெல்லாம் 'பிரசென்ட் சார்' என்று மாறிய பிறகும் அவர் வகுப்பில் மட்டும் 'உள்ளேன் ஐயா'தான். அவர் படித்த பள்ளிக்கூடத்துப் பழக்கம், விடாமல் வைத்துக்கொண்டார். முதல் வருடம் பிள்ளைகள் அதைக் கிண்டல் செய்வார்கள். படித்து முடித்துக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும்போதும் வாசலில் நின்று 'உள்ளேன் ஐயா' என்பார்கள்.

அந்த இரண்டு சொல்லில் அவருக்கு எல்லாம் தெரியும். காலையில் சாப்பிடாமல் வந்தது யார், வீட்டில் அழுதுவிட்டு வந்தது யார், பஸ்ஸைத் தவறவிட்டு ஓடி வந்தது யார். அதைக் கேட்ட பிறகுதான் அன்றைக்குப் பாடத்தை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்வார்.

"அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆப்சென்ட்" என்றாள் ஷாகிதா. "எனக்கே மூணு ஆப்சென்ட் போட்டிருக்கீங்க."

"மூணா? நாலு."

"ஏழு வருஷம் ஆச்சு சார்!"

"ஆனா என்ன? நாலு நாலுதான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. யார் இருக்கா, யார் இல்லன்னு தெரியாம ஒருத்தன் எப்படிப் பாடம் நடத்துவான்? நீதான இப்ப எனக்கு வாத்தியாரு. சொல்லு."

ஷாகிதா எதற்கும் உடனே மறுபேச்சு வைத்திருப்பவள். படிக்கிற காலத்தில் நியூட்டனோடேயே சண்டை போட்டவள். இந்தத் தடவை அவர் போனிலேயே குனிந்தாள். போனில் எதையோ தட்டினாள்.

"என்ன பண்ற?"

"இத அப்படியே ஞாயித்துக்கிழமை வகுப்போட போன் குழுவுக்கு அனுப்பப் போறேன்."

"ஏ, பாடமே இல்லம்மா அதுல! மானம் போயிரும்."

"சரின்னு சொன்னாதான் சார் அனுப்புவேன்."

அவர் எழுந்து நின்றார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, தோற்றுப்போனவனுக்கு வரும் ஒரு வீம்பில், "அனுப்பு. போன் உங்கிட்டயே இருக்கட்டும். டெலிபோனுக்கு எவன் உள்ளேன் ஐயா சொல்றான்னு நானும் பாக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். வந்து உங்கிட்டச் சொல்லிட்டு, கடிதத்தக் குடுத்துட்டுப் போயிருவேன்" என்றார்.

மறுநாள் நாலு மணிக்கு வந்தார்.

ஷாகிதா நாற்காலியைக் காட்டினாள். போனை மேசையில் வைத்து முதல் குரல்பதிவை அழுத்தினாள்.

"உள்ளேன் ஐயா." பின்னால் நடத்துநரின் விசில், "கோவில்பட்டி, கோவில்பட்டி" என்று கத்தும் குரல்.

சற்குணம் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "அந்தோணிராஜ். இவன் எங்க நிக்கான்?"

"பஸ் ஸ்டாண்டுல சார்."

அடுத்தது. "உள்ளேன் ஐயா." குழாய்த் தண்ணீர் விழும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். "சும்மா இருடா, சார்கிட்டப் பேசுறேன்" என்று யாரையோ அதட்டும் குரல்.

"இசக்கியம்மா. பாத்திரம் தேய்ச்சிக்கிட்டே படிக்காளா?"

"எல்லாருமே அப்படித்தான் சார். நமக்குத்தான் தெரியாது."

ஒவ்வொன்றாக வந்தது. ஒருவன் தீப்பெட்டி ஆலையின் மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்தினான். ஒருத்தி ஆஸ்பத்திரி வார்டில் நோயாளி தூங்குகிறார் என்று கிசுகிசுத்தாள். ஒருவர் மழையில் நின்றார், ஓட்டின் மேல் விழும் சத்தம் கேட்டது. ஐந்தாம் நம்பருக்குச் சளி. பதினெட்டாம் நம்பர் சொல்லிவிட்டு, "ரெண்டு மாசமா உங்கள ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் சார். ஆபீஸ்ல ஏய்னுதான் கூப்பிடுவாங்க" என்று குழறிச் சேர்த்திருந்தாள்.

"என்னச் சொல்றாளா, அவளச் சொல்றாளா?"

"பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டாங்க சார். அவங்களத்தான்."

சற்குணம் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். நீலத் துணி ஒட்டிய பழைய அட்டை. ஞாபகமில்லாமலே எடுத்துவிட்டார் போல. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு புள்ளி வைத்தார்.

பன்னிரண்டாம் குரல் வந்தது. "உள்ளேன் ஐயா."

அவர் பேனாவை நிறுத்தினார். "திரும்பப் போடு."

"உள்ளேன் ஐயா."

"ஏய்!" நாற்காலியே அதிர்ந்தது. "இது பன்னெண்டு இல்ல. இது ஏழு! குரல மாத்திப் பேசுறான் படவா!"

"சார்..."

"முப்பத்தோரு வருஷமா கேக்கேன்மா! அடுத்தவனுக்காக பிராக்சி குடுக்கவன் மூக்கால பேசுவான். எந்த ஊர்ல, எந்த வருஷத்துல, எவன் குடுத்தாலும் மூக்காலதான் பேசுவான். போன்லயுமா!"

ஷாகிதா நம்பரையும் அதன் கீழே வந்திருந்த செய்தியையும் பார்த்தாள். ஏழாம் நம்பர் சிவசுப்பு போனிலிருந்துதான் இரண்டும் வந்திருந்தன.

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவள் அவரை அப்படிப் பார்த்து ஏழு வருடம் ஆகிறது.

"அந்த நாய்க்கு ஒரு ஆப்சென்ட்" என்று சொல்லி, சிரிப்பு அடங்கியதும், "பன்னெண்டுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"போன் ஒடஞ்சிருச்சாம். சிவசுப்பு போன்லதான் சேந்து கேப்பாங்களாம்."

"அப்ப அது பிராக்சி இல்லியே."  பிறகு இரண்டு பேருக்கும் புள்ளி வைத்தார்.

மணி நாலரை தாண்டியிருந்தது. கடிதம் கொடுக்க வேண்டிய அலுவலகம் இரண்டாம் மாடியில். அவர் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் போனை இங்க தள்ளு."

"எந்த பட்டனை அழுத்தணும்னா..."

"சிவப்பு. தெரியும். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

போனைப் பதிவேட்டின் மேல் சாய்த்து வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் வந்தாச்சா? அந்தோணிராஜ், பஸ் ஸ்டாண்டுலதான நிக்க? குனிஞ்சு தரையப் பாரு. மழத் தண்ணியில டீசல் சிந்தியிருக்கும். அதுல கலர் கலரா வளையம் தெரியுதா? இசக்கியம்மா, நீ பாத்திரத்த வச்சிரு. நுரையில ஒரு குமிழிய மட்டும் பாரு, ஒடைஞ்சிராம. அதுலயும் அதே கலர். ஆஸ்பத்திரில இருக்கவ மேரிபுஷ்பம்தான? நீ எந்திரிக்காத, பேஷன்ட் முழிச்சிருவார். உன் கண்ணாடியக் கழட்டி விளக்குக்கு நேரா சாய்ச்சுப் பிடி, பச்சையா ஒரு சாயம் ஓடும். ஏ சிவசுப்பு, போன பன்னெண்டு பக்கமும் காட்டு. இப்ப சொல்லுங்க. டீசலுக்கும் கலர் கிடையாது, சோப்புத் தண்ணிக்கும் கலர் கிடையாது. அப்ப இந்தக் கலரு எங்கேந்து வந்துச்சு?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். வகுப்பில் நிறுத்துகிற அதே அளவு.

ஷாகிதா தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தாள். அவளுக்கு விடை தெரியும். இருந்தாலும் தெரியாதவள் போலக் காத்திருந்தாள்.

ஒன்பது நிமிஷம் பேசினார். நாலு ஐம்பதுக்கு அவள் பாடத்தை ஏற்றினாள். 'ஒளியியல், பாடம் ஒன்று' என்று திரையில் வந்ததை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கடிதத்தை எடுத்து நாலாக மடித்துக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டார்.

பிறகு பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. பதிவேட்டை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பத்தொம்பது வரலியே."

"ஆவுடைச்செல்வி சார்."

"பேர் தெரியும். ஏன் வரல?"

"அவங்க வீட்டுல ஒரே போன்தான் சார். அது அவங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. லாரி ஓட்டுறாரு, லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருக்காரு. சனிக்கிழமதான் திரும்புவாரு. பக்கத்து வீட்டுல சொல்லி விட்டிருக்காங்க."

"பாடம் இன்னைக்கு நடந்திருச்சு. அவ சனிக்கிழம வர்றா. மூணு நாள் லேட்டு." பேனாவைத் திறந்தார். கை அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது. "அஞ்சு நிமிஷத்துக்கே நான் விட்டதில்ல. நீயே சொல்லு வாத்தியாரம்மா. இதுக்கு ஆப்சென்ட் போடணுமா, வேண்டாமா?"

ஷாகிதா பாடம் ஏறிய போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவங்க எங்க சார் லேட்டு? முப்பத்தோரு வருஷத்துல மொத தடவையா நீங்கதான் அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்க. வீட்டுல ஆளில்ல. வர்ற வரைக்கும் வெளிய நில்லுங்க."

சற்குணம் பேனாவை மூடினார்.