கீரி சொன்ன 'வேண்டாம்'

ஆற்றோர நாணல் காட்டில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. தாயின் பெயர் நீலாயி. அந்த வீட்டில் தங்கி மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள, தொலைவிலிருந்த புதர்க்காட்டிலிருந்து செம்பி என்ற இளம் கீரி வந்திருந்தது. புதர்க்காட்டில் மழை பொய்த்து, இரை அருகிவிட்டது. செம்பி இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு போனால்தான் அதன் வீட்டாருக்குச் சாப்பாடு.

செம்பிக்குக் கூச்சம் அதிகம். வாய் பேசாது, ஆனால் கண் ஒன்றையும் விடாது.

அந்த வீட்டில் எல்லாமே புதுமை! நீர்நாய்கள் மீனை முன்கால்களில் பிடித்துக்கொண்டு, நறநறவென்று சத்தம் போட்டுத் தின்றன. தின்றுகொண்டே கதை பேசின. பிறகு மணலில் புரண்டு ஈரம் போக்கிக்கொண்டன. தகப்பன் நீர்நாய் குட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துவைத்து நக்கிச் சுத்தம் செய்தது. "எங்க ஊர் அப்பாக்கள் வந்து பார்க்கணும்!" என்று செம்பி மனதுக்குள் சிரித்துக்கொண்டது.

ஒன்று மட்டும் அதற்குப் புரியவில்லை.

"மீன் சாப்பிடுறியா, கண்ணு?" என்று கேட்டது நீலாயி.

"வேண்டாம், அத்தை."

"சரி!" என்ற நீலாயி, அந்த மீனைத் தானே தின்றுவிட்டது!

செம்பி திகைத்தது. புதர்க்காட்டில் விருந்தாளி உடனே கை நீட்டினால், 'சாப்பாட்டுக்கு அலையுது' என்பார்கள். இரண்டு முறை மறுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள், "அட, சும்மா சாப்பிடு!" என்று வாயில் திணிக்க வேண்டும். அதற்குப் பிறகு சாப்பிடுவதுதான் அழகு.

இங்கே யாரும் திணிக்கவில்லை. அடுத்த வேளையும் 'வேண்டாம்', அடுத்த வேளையும் 'சரி!' செம்பி கரையோர நத்தைகளைப் பொறுக்கித் தின்று பார்த்தது. வயிறு நிறையவில்லை. தண்ணீரில் இறங்கினால் கால்கள் நடுங்கின. பிறகு எங்கே மீன் பிடிப்பது?

"நான் இங்கே இருப்பது இவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஊருக்கே போய்விடலாம்" என்று முடிவு செய்தது.

ஆனாலும் ஒரு குழப்பம். கடைக்குட்டி சொட்டு, "இன்னைக்கு ஆழத்துக்குப் போகப் பயமா இருக்கும்மா" என்றபோதும், நீலாயி 'சரி' என்றுதான் சொன்னது. அதட்டவில்லை. கேலி செய்யவில்லை. இப்படி ஓர் அம்மாவைச் செம்பி பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை, விடைபெறுவதற்காகச் செம்பி வளை வாசலில் காத்திருந்தது. குளித்து முடித்த குடும்பம் ஈரத்தோடு ஓடிவந்தது. அப்போது வளைக்குள்ளிருந்து ஒரு வாடை! பாம்பு வாடை கீரிக்குத் தெரியாதா?

"உள்ளே போக வேண்டாம்!" கூச்சத்தில் பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

எல்லா நீர்நாய்களும் அப்படியே நின்றன. 'ஏன்?' என்றுகூட யாரும் கேட்கவில்லை. வாசலுக்குள் வைத்த முன்காலை நீலாயி சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

மறுகணம் ஒரு பெரிய மலைப்பாம்பின் தலை வெளியே பாய்ந்தது. கவ்வுவதற்கு ஒன்றும் இல்லை! நீர்நாய்கள் ஒன்றுகூடிச் சீற, பாம்பு நாணலுக்குள் நழுவி மறைந்தது.

"எங்க ஊரா இருந்தா, 'இவ சும்மா சொல்றா'ன்னு உள்ளே போயிருப்பாங்க, அத்தை!" என்றது செம்பி.

"நீ வேண்டாம்னு சொன்னே, நின்னோம். உன் பேச்சை நாங்க எதுக்குச் சந்தேகப்படணும்?"

செம்பிக்குச் சுருக்கென்றது. மீனை நீட்டியபோதும் இவர்கள் செய்தது இதைத்தானே!

"அத்தை... எனக்குப் பசிக்குது. வந்த நாள்லேருந்தே பசிக்குது!"

"அடிப்பாவி! பின்னே எதுக்கு வேண்டாம் வேண்டாம்னே?"

செம்பி தன் ஊர் வழக்கத்தைச் சொன்னது. சொட்டு உருண்டு உருண்டு சிரித்தது. "ஐயோ! நாங்க உங்க வீட்டுக்கு வந்தா வயிறு வெடிச்சுத்தான் திரும்புவோம்!"

நீலாயி ஒரு கொழுத்த கெளுத்தியை நீட்டியது. "வேணுமா?"

"வேணும்!" என்றது செம்பி. "இன்னொண்ணும் வேணும், அத்தை!"

நம் சொல்லை அப்படியே நம்புகிறவர்களிடம், மனதில் இருப்பதை அப்படியே சொல்வதுதான் மரியாதை.