திரை தூக்கும் இசை

ஜெசிந்தா டீச்சரிடம் பாடம் கேட்க வந்தவர்களிலேயே வயதில் மூத்த சீடர் உலகநாதன்தான். டீச்சருக்கு முப்பத்து நாலு. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. முதல் நாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தவரைப் பார்த்து, பேரனைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"பையன் வரலையா அண்ணாச்சி?"

"பையன் நான்தாம்மா," என்றார் உலகநாதன்.

பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடி அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், மூலையில் தண்ணீர்ப் பானை. ஜவுளிக்கடை விளம்பரமோ, கல்யாண வீடியோவோ, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு துண்டு இசையோ, எது வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும். வாத்தியக்காரர் ஒருவரும் வரமாட்டார். எப்படிப்பட்ட இசை வேண்டும் என்று சின்னச் சின்னச் சொற்களாக அடிக்க வேண்டும். நாதஸ்வரம், வேகம், விடியற்காலை, குதூகலம் என்று நாலு சொல் போட்டால், கண் மூடித் திறப்பதற்குள் ஏஐ ஒரு மெட்டைப் போட்டு நீட்டிவிடும். அந்தச் சொற்களுக்குக் குறிச்சொல் என்று பேர். சொல் பிசகினால் இசையும் பிசகும். டீச்சர் கற்றுத்தருவது அதைத்தான்.

கற்றுத்தருவது என்பதும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். யாராவது மெட்டைச் செய்துவிட்டு "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டால், "யாருக்குச் செஞ்சிய? அவுகளுக்குப் போட்டுக் காட்டிட்டு வாங்க" என்பாள். பாடம் அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு டீச்சரா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுபோனவர்கள் உண்டு.

உலகநாதன் நிற்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு இசை.

"பூங்கோதை தியேட்டர்னு ஒண்ணு இருந்துச்சு டீச்சர். நீங்க பொறக்கதுக்கு முந்தியே இடிச்சுட்டான். அங்க படம் போடுததுக்கு முன்னால தெர தூக்குவான். அப்ப ஒரு மியூசிக் போடுவான் பாருங்க, அது வேணும்."

"மெட்டு ஞாபகம் இருக்கா?"

"மனசுக்குள்ள இருக்கு. வாயிக்கு வரமாட்டேங்கு."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு."

தம்பி கோமதிநாயகம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். அவர் வேனில் ஏறும் பிள்ளைகள் வீட்டில் பேசாததையெல்லாம் அவரிடம் பேசும். சர்க்கரை வந்து முதலில் ஒரு கண்ணைக் கொண்டுபோனது, பிறகு மற்றதையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டுப் பின்னறைக் கட்டிலில் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாடு பாதி தட்டிலேயே கிடக்கும். கூப்பிட்டால் ம் என்பார்.

பார்வை போனவர்களுக்குக் கம்பு பிடித்து நடக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. வெள்ளைக் கம்புகூட வீட்டுக்கு வந்துவிட்டது. உறை பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. இதை விட்டால் அடுத்த வருஷம்தான் வகுப்பு. அடுத்த வருஷம்வரை தம்பி இப்படியே கிடந்தால் தாங்கமாட்டான் என்று அண்ணனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

"எந்திரிலேன்னு சொன்னா, எல்லாம் முடிஞ்சுபோச்சுண்ணே, விட்டுருங்கான். அந்த மியூசிக்கக் கேட்டா எந்திப்பான்னு ஒரு நினைப்பு."

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"அடிங்க," என்றாள்.

உலகநாதன் தாலுகா ஆபீசில் ஆயுள் முழுக்க எழுதியவர். சொல்லுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தார்.

பழைய காலம். ஏக்கம். சோகம். திரும்பி வராத நாட்கள். கீறல் விழுந்த இசைத்தட்டு. கண்ணீர்.

வந்தது. இசைத்தட்டு கரகரவென்று சுற்றியது. எங்கோ தூரத்தில் ஒற்றை வயலின் இழுத்து இழுத்து அழுதது. உலகநாதன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் வைத்த குழம்பைத் தானே ருசி பார்த்து மெச்சுகிற ஆளின் முகம் அவருக்கு.

"எப்படி டீச்சர்?"

"உங்களுக்கு அழுக வந்துச்சா?"

"வந்துச்சே!"

"தம்பிக்குப் போட்டுக் காட்டுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே போட்டுக் காட்டினார். கட்டிலோரம் உட்கார்ந்து, தம்பியின் காதருகே செல்போனை வைத்தார். கோமதிநாயகம் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"தெரியுதா? பூங்கோதைல தெர தூக்கும்போது..."

"தெர தூக்கும்போதா?" என்றார் கோமதிநாயகம். "படம் விட்டு ஜனமெல்லாம் வெளிய போன பொறவு, தனியா நின்னு கூட்டிப் பெருக்குவாம்லா ஒருத்தன், அவனுக்குப் போட்ட மாதிரில்லா இருக்கு."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அந்தப் பாதிச் சாப்பாடும் இறங்கவில்லை. நல்லது செய்யப் போய் இருந்ததையும் கெடுத்தோமே என்று உலகநாதன் தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாள் மதியமே மாடியேறிவிட்டார்.

"ஒரு சொல் குறையுது டீச்சர். என்ன சொல்லுன்னுதான் பிடிபடல."

அவரே குறைந்ததைத் தேடிச் சேர்த்தார். ரொம்பப் பழைய காலம். ஆறாத ஏக்கம். இழந்த பால்யம். வயலினோடு ஒரு புல்லாங்குழலும் சேர்ந்து அழுதது. இன்னும் இரண்டு சொல் போட்டார். மழையும் பெய்தது.

டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டர் திரையை அணைத்தாள். பிறகு டியூப் லைட்டையும் அணைத்தாள்.

நல்ல மதியத்தில் அறை கும்மிருட்டாகிவிட்டது.

"கரண்டு போயிட்டா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. படம் போடப் போறாங்க."

உலகநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன டிக்கெட்டு எடுத்திருக்கிய?" டீச்சரின் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"பெஞ்சு. தரை டிக்கெட்டுக்குப் பின்னால."

"என்ன கேக்கு?"

"முறுக்குக்காரன் சத்தம். லைட்ட அணைச்ச பொறவும் வித்துக்கிட்டே இருப்பான், காலை மிதிச்சுருவான். பின்னால எவனோ விசிலடிக்கான். பொம்பளைங்க பக்கம் ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துது."

இருட்டில் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. அறுபது வயதுக்காரரின் இழுவை அதில் குறைந்தது.

"பீடிப் புகை. யாரோ மல்லிப்பூ வச்சிருக்காக. முன்னால உள்ளவன் தலைய மறைக்கான், அவன ஏசுதாக. ஆமா, இப்ப லைட்டுச் சரம் எரியுது. தெர ஓரத்துல செவப்பு, நீலம், செவப்பு, நீலம்னு ஓடும் டீச்சர். தெர பாவாட மாதிரி சுருங்கிச் சுருங்கி மேல ஏறும். ட்ரம்பெட் சத்தம் நெஞ்சுல வந்து அடிக்கும்."

"தம்பி எங்க?"

"பக்கத்துல. சின்னப் பய. லைட்ட அணைச்ச உடனே என் சட்டைப் பைக்குள்ள கைய விட்டுருவான். பயம்."

"நீங்க என்ன சொல்லுவிய?"

"பயந்தாங்கொள்ளிப் பயலே, சும்மா இரி, இப்பத் தூக்கிருவாம்பேன்."

"இப்ப அவருகிட்ட என்ன சொல்லுதிய?"



"இப்ப எங்க டீச்சர் சொல்ல? அவன் முன்னால போனா குரலே எழும்பமாட்டேங்கு. சத்தமா டம்ளர வைக்கக்கூட பயமா இருக்கு. செத்த வீட்டுல நடக்க மாதிரி நடக்கேன்."

டீச்சர் லைட்டைப் போட்டாள். கம்ப்யூட்டரையும் போட்டாள். உலகநாதன் அடித்த சொற்கள் அப்படியே வரிசையாக நின்றன. அவர் அவற்றைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம், வேறு ஒருத்தர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் முகமாகிவிட்டது.

ஒவ்வொன்றாக அழித்தார். கண்ணீர் போயிற்று. ஏக்கம் போயிற்று. வயலின், மழை, கீறல் விழுந்த தட்டு எல்லாம் போயின. அந்த இடத்தில் ஒற்றை விரலால் அடித்தார்.

கூட்டம். அவசரம். ட்ரம்பெட். செவப்பு நீல லைட்டு. விசில். இப்பத் தூக்கிருவான்.

"இதெல்லாம் குறிச்சொல்லா டீச்சர்? மிசினுக்கு வெளங்குமா?"

"போடுங்க."

ஒரே ஒரு சொல்லை மட்டும் அவர் தொடவில்லை. பழைய.

"இது இருக்கணும்லா? எத்தன வருசத்துக்கு முந்தி உள்ள சங்கதி. இது இல்லாட்டி மிசின் இந்தக் காலத்து மியூசிக்கப் போட்டுரும்லா?"

டீச்சர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"அன்னைக்கு அது பழசா இருந்துச்சா அண்ணாச்சி?"

உலகநாதன் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். புதுப்படம். புதுச் சட்டை, தீபாவளிக்குத் தைத்தது. தம்பிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருந்த நேரம். அவர் அந்தச் சொல்லையும் அழித்தார்.

வந்த இசை துள்ளிக்கொண்டு வந்தது. கீழே தையல் மிஷின் சத்தம் ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஓடியது. உலகநாதனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இது அந்த மியூசிக் இல்ல டீச்சர். மெட்டு வேற."

"தம்பிக்குப் போட்டுக் காட்டுங்க."

இந்தத் தடவை வீட்டுக்குள் உலகநாதன் பதுங்கிப் பதுங்கி நடக்கவில்லை. கதவை டமார் என்று திறந்தார். "நகருலே," என்று தம்பியை உந்தித் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தார். தன் கண்ணையும் மூடிக்கொண்டார். செல்போனை முழுச் சத்தத்தில் வைத்தார்.

ட்ரம்பெட் எழும்பியது.

"இது அந்த மியூசிக் இல்லியே," என்றார் கோமதிநாயகம்.

"இல்லதான். சும்மா இரி, பயந்தாங்கொள்ளிப் பயலே. இப்பத் தூக்கிருவான்."

பிறகு உலகநாதனின் சட்டைப் பைக்குள் ஒரு கை வந்து நுழைந்தது. உள்ளே கண்ணாடிக் கூடும் பஸ் டிக்கெட்டும் கிடந்தன. கை அவற்றைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொண்டது. பெரிய கை. வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. உலகநாதனுக்கு அழுகை முட்டியது. இந்த அழுகைக்கு வயலின் வேண்டியிருக்கவில்லை.

"எண்ணே."

"என்னலே?"

"நான் எப்பம்ணே பயந்தேன்? நீ பயந்து நடுங்குவ. உனக்குத் தொணைக்கு ஒரு கை வேணும்னுல்லா பைக்குள்ள விட்டேன். நீ மேல கூடி அமுக்கிப் பிடிச்சுக்கிடுவ. வெரலெல்லாம் வலிக்கும்."

உலகநாதன் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். இப்போதும் அவருடைய கை, பைக்கு மேலாகத் தம்பியின் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

கோமதிநாயகம் சிரித்தார். பார்வை போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சிரித்து முடித்து, சுவர் இருந்த திசையிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

"சரி, என்ன படம்ணே?"



மறுநாள் டீச்சர் மாடி அறையைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் குரல் இறங்கியது.

"மியூசிக்கு ஆச்சு டீச்சர். ஆனா அவன் கேட்டானே ஒரு கேள்வி, என்ன படம்னு. ராத்திரிலேர்ந்து யோசிக்கேன். இனிமே அவனுக்கு என்ன இருக்கு, என்னன்னு நான் சொல்ல? அதுக்கு ஒரு சொல்லு சொல்லுங்க. அடிச்சுக் குடுத்துருதேன்."

"தம்பி இப்ப எங்க?"

"கீழ ஆட்டோவுல இருக்கான். நானும் வாரேன்னு அவனாவே எந்திச்சு வந்துட்டான். அந்தக் கம்பையும் எடுத்துக்கிட்டான். இன்னும் உறையப் பிரிக்கல."

டீச்சர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஆட்டோவின் பின்சீட்டில் ஒருவர் இரண்டு முழங்காலுக்கு நடுவே கம்பை நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். மணி போன பக்கமெல்லாம் அவர் முகமும் போனது. அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

"தெர இப்பத்தான தூக்கியிருக்கு அண்ணாச்சி," என்றாள் டீச்சர். "என்ன படம்னு எங்கிட்ட வந்து கேக்கியளே. போய் அவரு பக்கத்துல உக்காருங்க."