தளவாய் கேட்டு வாங்கிய தலைப்பாகை

மருதங்கோட்டை ராஜா திருமலைக்கொழுந்துக்கு ஒரு பழக்கம். காலையில் ஓர் ஆணை போடுவார். மத்தியானம் அதைத் தாமே திருத்துவார், இல்லாவிட்டால் அதிகாரிகளை விட்டுத் திருத்தச் சொல்வார். சாயங்காலம் பழையதே மேல் என்பார். எதை எப்போது யார் மாற்றியது என்று பிறகொரு நாள் கேட்பார் என்பதால் ஒரு திருத்தத்தையும் தூக்கிப்போட முடியாது. ஓலைச்சாலையில் அப்படிப் பதினெட்டாயிரம் ஓலை சேர்ந்திருந்தது. அரண்மனை மயில்களுக்கு என்ன தீனி என்பதற்கு மட்டும் நானூறு.

வேண்டிய ஓலைக்கு ராஜா சீட்டு அனுப்புவார். சீட்டில் மூன்று குறிகள் வரும். 'சேர்' என்றால் இரண்டு குவியலையும் ஒன்றாக்கு. 'பொது' என்றால் இரண்டிலும் இருப்பதை மட்டும் எடு. 'விலக்கு' என்றால் அடுத்துச் சொல்வதைத் தவிர மற்ற அத்தனையும் எடு.

ஒரு நாள், "மயில் சேர் கிணறு பொது தளவாய்" என்று சீட்டு வந்தது. ஓலைக் காப்பாளர் மங்கைபாகன் வரிசையாகச் செய்தார். மயில் ஓலைகளையும் கிணற்று ஓலைகளையும் சேர்த்தார். அதில் தளவாய் திருத்தியதை மட்டும் பொறுக்கினார். ராஜா கைக்கு ஒரே ஓர் ஓலை போய்ச் சேர்ந்தது.

"என் மயில் ஓலை நானூறும் எங்கே?" என்று ராஜா சபையில் குதித்தார். அவர் நினைத்தது வேறு. கிணற்றுக்கும் தளவாய்க்கும் பொதுவானதை முதலில் எடுக்க வேண்டும், அதோடு மயிலைச் சேர்க்க வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ளத்தானே சம்பளம் கொடுக்கிறோம் என்பது அவர் எண்ணம்.

தளவாய் ஆவுடையப்பர் இதற்காகவே காத்திருந்தவர். ஓலைச்சாலையைத் தம் மச்சினனுக்கு வாங்கித்தர வேண்டும். "கிழவருக்குப் புத்தி மழுங்கிவிட்டது, அரசே. எல்லை தாண்டி அனுப்பிவிடுங்கள்" என்றார்.

மங்கைபாகனின் மனைவி படுத்த படுக்கை. பயணம் அவள் உடம்புக்குத் தாங்காது. மனிதர் நின்ற நிலையைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சபையில் குறும்புக்குப் பேர்போன கூத்தபிரான் எழுந்தார். "எதை முதலில் செய்வது என்று இங்கே ஒரு முறையே இல்லை, அரசே. நாளைக்குள் செய்து தருகிறேன்."

"எழுத்து வாசனை இல்லாதவன் செய்தாலும் சரியாக வந்தால்தான் அது முறை" என்றார் தளவாய். "குதிரை லாயத்திலிருந்து மூன்று பேர் தருகிறேன். முடியுமா ஓய்?"

"தாராளமாக."

"தப்பினால் நீரும் கிழவரும் சேர்ந்தே கிளம்பலாம்" என்றார் ராஜா.

மறுநாள் சபை கூடியது. லாயத்து ஆட்கள் மூவரும் வந்தார்கள். எந்த ஓலை எதைப் பற்றியது, யார் திருத்தியது என்பதற்கெல்லாம் வண்ணக் கயிறு உண்டு. அதனால் பொறுக்குவதற்குப் படிப்பு வேண்டாம். கூத்தபிரான் மூன்று தலைப்பாகைகளை எடுத்தார்.

"விலக்குக்குச் சிவப்பு, அதுதான் மேல். பொதுவுக்கு மஞ்சள், அடுத்தது. சேருக்கு வெள்ளை, அதற்கும் கீழே. சீட்டில் எந்தக் குறி வருகிறதோ அந்தத் தலைப்பாகை வந்து வரிசையில் நிற்கும். மற்றது நம் சபை வழக்கம்தான். பின்னால் பெரியவர் வந்தால், அவர் காரியம் முடியும்வரை காத்திரு. சின்னவர் வந்தால், உன் காரியத்தை முடித்துவிட்டு நகரு."

லாயத்து ஆட்கள் தலையாட்டினார்கள். அரண்மனையில் பிழைப்பவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரியும்.

தளவாய் முகம் சிவந்தது. "நான் இருக்கும் சபையில் ஒரு குதிரைக்காரன் மேலா? கொண்டா அந்தச் சிவப்பை."

"வேண்டாம் தளவாய் அவர்களே, அது..."

"கொண்டா என்கிறேன்." பிடுங்கிக் கட்டிக்கொண்டார்.

ராஜா சீட்டு எழுதினார். மங்கைபாகன் வாசித்தார். "மயில் சேர்." வெள்ளை வந்து நின்றது. "கிணறு பொது." மஞ்சள் பின்னால் வந்தது. பெரியவர் ஆயிற்றே, வெள்ளை காத்திருந்தது. "விலக்கு." தளவாய் மீசையை நீவிக்கொண்டு வந்து நின்றார். மஞ்சளும் காத்திருந்தது. "தளவாய்." சீட்டு முடிந்தது.

ஒருவரும் அசையவில்லை. இரண்டு நாழிகை அப்படியே நின்றார்கள்.

"ஏன் நிற்கிறார்கள்?" என்றார் ராஜா.

"பின்னால் யார் வருவாரோ என்று காத்திருக்கிறார்கள், அரசே. எல்லோரிலும் சின்னவர் ஒருவர் கடைசியில் வந்து நின்றால்தான் வேலை நடக்கும்."

தளவாய் மங்கைபாகனைக் காட்டினார். "இந்தக் கிழவரை நிறுத்து. இவரைவிடச் சின்னவர் யார்?"

"அவர் சீட்டு வாசிப்பவர். அந்தக் கடைசி இடம் அரசருடையது" என்றார் கூத்தபிரான்.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "நான் குதிரைக்காரனுக்கும் கீழா?"

"இந்தச் சபையில் தாங்கள் எல்லோருக்கும் மேல், அரசே. அதனால் தாங்கள் உள்ளே வந்ததும் எல்லோரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். என் வரிசையில் தாங்கள் எல்லோருக்கும் கீழ். தாங்கள் வந்தால் மிச்சமிருக்கும் வேலை எல்லாம் முடியும். எது வேண்டும் என்று தாங்களே சொல்லுங்கள்."

ராஜா வாளிலிருந்து கையை எடுத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மங்கைபாகன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கூத்தபிரானுக்கு என் முத்துமாலை" என்று கழற்றிப் போட்டுவிட்டு, இறங்கி வந்து தளவாய்க்குப் பின்னால் நின்றார்.

தளவாய் பெருமையோடு திரும்பினார். "மேலானவனுக்குத்தானே முதல் மரியாதை?"

"முதல் வேலை" என்றார் கூத்தபிரான். "தாங்கள் திருத்திய ஓலையைத் தவிர மற்ற அத்தனையையும் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வையுங்கள்."

நாற்பது வருஷ உத்தியோகத்தில், அந்தப் பதினெட்டாயிரம் ஓலைகளில் தளவாய் திருத்தியது மொத்தம் ஐந்து. அவர் பரிதாபமாக ராஜாவைப் பார்த்தார்.

"தயங்காதீர், ஆவுடையப்பரே" என்றார் ராஜா. "உமக்குப் பின்னால் இனிப் பெரியவர் யாரும் வரமாட்டார்."